ஒரு ஆள், மூன்று ராத்திரி

முதல் தடவை போன் போட்டபோது
போஜன்தான் எடுத்தார்.
ஹெத்தை லாட்ஜ், கோத்தகிரி, சொல்லுங்க.
எத்தனை பேர்?
ஒரு ஆள்.
சார் மட்டுமா?
சார் இல்லை. நான்.

அதற்கப்புறம் வந்த மௌனத்தில்
அவர் பக்கத்தில் ஒரு பஸ்
ஹாரன் அடித்து, திரும்பி, இறங்கியே போய்விட்டது.
பாத்துச் சொல்றேன் என்றார்.
ஏழே ரூம் இருக்கிற லாட்ஜில்
எதைப் பார்க்க வேண்டும் அவர்?

நானோ அதற்குள் மகனுடைய பழைய நோட்டில்
கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டிருந்தேன்.
விருதுநகர், மதுரை, கோவை, மேட்டுப்பாளையம்.
பஸ்ஸில் போனால் இ-பாஸ் வேண்டாம்.
ஸ்வெட்டர்: எதிர்வீட்டு மங்களேஸ்வரியிடம்.
பருப்பு மில்லில் சொல்ல வேண்டியது: சொந்தத்தில் கல்யாணம்.
வீட்டில் சொல்ல வேண்டியது: மில் வேலை.
பார்க்க வேண்டிய இடங்கள் என்று தலைப்புப் போட்டு
கோடும் கிழித்தேன்.
அடியில் ஒன்றும் எழுதவில்லை.
கொடநாடு காட்சிமுனை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.
எனக்கு வேண்டியது ஒரு கதவு,
உள்பக்கம் தாழ்ப்பாள்,
அந்தப் பக்கம் நின்று
துண்டு எங்கே என்று யாரும் கேட்காதது.

இரண்டாம் தடவை எடுத்தது அவர் சம்சாரம்.
கங்கம்மா பேசறேன் என்றாள்,
குக்கர் சத்தத்துக்கு மேலே.
பேர் கேட்டாள்.
வெயிலுகந்தம்மாள்.
சிரித்துவிட்டாள்.
அக்கா, இங்கே அது ஒண்ணுதான் ஸ்டாக் இல்லை.

வெந்நீர் காலையில் ஆறிலிருந்து எட்டு.
அஞ்சாம் நம்பரில் ஜன்னல் சாத்தாது,
மேகம் உள்ளே வந்து விரிப்பை நனைக்கும்.
ஆறில் மெத்தை நடுவிலே பள்ளம்,
சண்டை போட்ட ஜோடி என்றால் அதைத்தான் கொடுப்போம்,
தனி ஆளுக்கு இடுப்பு போய்விடும்.
நாலை எடுத்துக்கோங்க.
கம்பளி ரெண்டு. மூணாவது கேட்டால்
எங்கள் கட்டிலிலிருந்து வரும்.
சாப்பாடு வெளியேதான்,
ஆனால் அவரையும் உருளைக்கிழங்கும் போட்டு
எங்களுக்கு வைக்கிறதில் ஒரு கரண்டி.
பையன் பெட்டி தூக்குவான்.
ஸ்கூல் விட்டு வந்து பொண்ணுதான் ரெஜிஸ்டர் எழுதுவாள்,
அதில் ஒரு கட்டம் இருக்கு,
வருகையின் நோக்கம் என்று.
என்ன போடட்டும்?

தூக்கம் என்றேன்.

இந்தத் தடவை மௌனம் அவளுடையது.
மூணு ராத்திரியுமா?
பகலும்.

பிறகு வாயருகே கை வைத்துப் பேசுகிற மாதிரி
குரல் கிட்டே வந்தது.
இருபத்தொரு வருஷமாச்சு அக்கா, இந்த லாட்ஜுக்கு வந்து.
ஏழு ரூமுக்கும் தினம் விரிக்கிறேன்.
ஒண்ணுலகூடப் படுத்ததில்லை.
விரிப்பு மாத்தும்போது ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்,
ஒரு நிமிஷம்.
அதுக்குள்ளே பெல்லு.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டேன்.

மூன்றாம் தடவை அவளே கூப்பிட்டாள்.
ராத்திரி பத்தேகால்.
நான் மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
அவளும் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்,
ரெண்டு குழாய்ச் சத்தமும்
ஒன்றோடொன்று கொஞ்ச நேரம் பேசின.

தனியா வர்ற லேடிக்குத் துணை வேணும்,
இல்லேன்னா லாட்ஜுக்குக் கெட்ட பேர்னு
வீட்டுல சொல்லிட்டேன்.
அவரும் தலையை ஆட்டிட்டாரு.
நாலு உங்களுக்கு.
மூணு எனக்கு.

நடுவே ஒரு சுவர்.
துணை என்று சொன்னதற்காக
யாரும் யாரையும் தட்டக் கூடாது,
சாப்பிட்டாயா என்று கேட்கக் கூடாது.
பேசி முடித்தோம்.
கட்டிலை யார் விரிப்பது என்றதற்கு
போஜனே விரிக்கட்டும் என்றாள்,
கொஞ்சம் யோசித்து,
மூலை மடிக்கத் தெரியாது, பரவாயில்லை.

பொண்ணு ரெஜிஸ்டரில் இப்போதே எழுதிவிட்டாளாம்,
என் வரிக்கு நேர்கீழே.
பெயர்: அம்மா.
ஊர்: இதே.
நோக்கம்: மேற்படி.